வடக்குக் காட்டில் மான் குறைந்தது யாரால்?

கேள்வி:

நான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசனில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. இங்கே வந்த பிறகு, அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் என்னை வேட்டைக்குப் பழக்கினார். வடக்கே பிரைஸ் கவுன்ட்டியில் அவருடைய அப்பா காலத்து கேபின் ஒன்று இருக்கிறது. நன்றி நவிலல் விழாவை ஒட்டி வரும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்துக்கு அவர் குடும்பமே அங்கே கூடும். கிடைக்கும் இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டு வருவோம். வருடம் முழுவதும் அதில்தான் எங்கள் வீட்டுக் குழம்பு.

சில வருடங்களாக அங்கே மான் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. போன முறை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பரணில் உட்கார்ந்தும் ஒன்றுகூட வரவில்லை. இரவில் கேபினில் பேச்செல்லாம் இதுதான். ஓநாய் தின்று தீர்த்துவிட்டது என்கிறார் ஒருவர். பெண்மானைச் சுடும் அனுமதிச் சீட்டை அள்ளி விற்று மாநில இயற்கை வளத்துறைக்காரர்கள் காசு பார்த்துவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். அந்தத் துறையோ, விஸ்கான்சினில் மான் பதினைந்து லட்சத்துக்கு மேல் இருக்கிறது என்கிறது. அதைக் கேட்டாலே பெரியவருக்குக் கோபம் வருகிறது.

யாரை நம்புவது? ஓநாயைக் குறைத்தால் மான் பெருகுமா? கேபினைச் சுற்றி மக்காச்சோளம் கொட்டிக் குளிர்காலத்தில் மானைக் காப்பாற்றலாமா? எனக்குப் பெண்மான் அனுமதி கிடைத்தால் சுடலாமா, விட்டுவிட வேண்டுமா?

— வாசகர், மாடிசன், விஸ்கான்சின்

பதில்:

உங்கள் பரணுக்கு முன்னால் மான் இல்லை என்பதும் உண்மை. மாநிலத்தில் மான் ஏராளமாக இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே இடத்தைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்வதால்தான் சண்டை வருகிறது.

வெண்வால் மானைப் பொறுத்தவரை விஸ்கான்சின் இரண்டு நாடுகள். நீங்கள் குடியிருக்கும் தெற்கில் மக்காச்சோளம், சோயா, குதிரைமசால் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நடுநடுவே ஓக் தோப்பு. அங்கே மான் கொழுத்து வளர்கிறது, பெண்மான் சாதாரணமாக இரட்டைக் குட்டி போடுகிறது, இன்னும் சுடுங்கள் என்று துறையே கெஞ்ச வேண்டியிருக்கிறது. பிரைஸ் கவுன்ட்டி இருக்கும் வடக்கில் காடும் சதுப்பும் நீண்ட பனிக்காலமும்தான். மாநிலத்துக்கு மொத்தமாகச் சொல்லும் லட்சக் கணக்கு வடக்கில் பரண் கட்டியவருக்கு எதையும் சொல்வதில்லை. அந்த எண்ணைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்தப் பார்ப்பது தவறு. பெரியவரின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 2022 ஒன்பது நாள் பருவத்தில் மாநிலம் முழுவதும் 2 லட்சத்துக்குச் சற்று மேல் மான் வேட்டையானது. 2023-இல் சுமார் 1,74,000 ஆகக் குறைந்தது. அந்தச் சரிவின் பெரிய அடி விழுந்தது வடக்குக் காட்டுப் பகுதியில்தான்.

ஏன் அந்த ஆண்டு? அதற்கு முந்தைய குளிர்காலத்தைப் பாருங்கள். விஸ்கான்சினில் குளிர்காலத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, தரையில் 18 அங்குலமோ அதற்கு மேலோ பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. வெப்பநிலை பாரன்ஹீட் பூஜ்யத்துக்கு, அதாவது சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. கூட்டுத்தொகை 50-க்குள் இருந்தால் லேசான குளிர்காலம். 80-ஐத் தாண்டினால் கடுமை. 100-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. 2022 டிசம்பரிலேயே வடக்கில் கனத்த ஈரப்பனி விழுந்து கிளைகளை முறித்துப் போட்டது. பல இடங்களில் அந்தப் பனி வசந்தம்வரை கரையவில்லை.

பனியில் மானுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வடக்கு மானின் கதையில் பாதி இதுதான். குளிர்காலத்தில் வடக்கு மான் வயிறாரத் தின்று வாழ்வதில்லை. இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவழித்து வாழ்கிறது. உடல் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு, வெண் சீடார், ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த தாழ்நிலங்களில் கூட்டமாக ஒதுங்குகிறது. மேலே மரக்கூரை பனியைத் தாங்குகிறது, காற்றைத் தடுக்கிறது. கீழே எல்லாக் குளம்புகளும் மிதித்து மிதித்து நடைபாதை உண்டாகிறது. மார்ச் மாதம் அப்படி ஒரு காட்டுக்குள் போனால், சீடார் மரங்கள் எல்லாம் ஒரே உயரத்துக்குக் கீழே இலையில்லாமல் மொட்டையாக நிற்பதைக் காணலாம். பின்னங்காலில் எழும்பி நின்ற மானின் வாய் எட்டிய உயரம் அது. அங்கே செத்துக் கிடக்கும் மானின் தொடையெலும்பை உடைத்துப் பார்ப்பார்கள். நன்றாக இருந்த மானின் மஜ்ஜை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். பட்டினியில் செத்ததன் மஜ்ஜை சிவந்து, கூழாக வழியும். உடம்பு கடைசியாகக் கரைக்கும் கொழுப்பு மஜ்ஜையில் இருப்பதுதான். அதுவும் போன பிறகு மிச்சம் ஒன்றுமில்லை.

முதலில் சாவது அந்த ஆண்டுக் குட்டிகள். அடுத்து, நவம்பரில் இணை தேடி அலைந்து கொழுப்பையெல்லாம் தொலைத்துவிட்ட பெரிய ஆண்மான்கள். பெண்மான் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் ஜூன் வாக்கில் அது ஈனும் குட்டி எடை குறைந்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சில நாளில் செத்துவிடும். ஆக, ஒரு கடுங்குளிர் இரண்டு வருடக் குட்டிகளைத் தின்கிறது. அதன் பலன் உங்கள் பரணுக்கு முன்னால் தெரிவது உடனே அல்ல. அடுத்த நவம்பரிலும் அதற்கடுத்த நவம்பரிலும் வர வேண்டிய இளம் ஆண்மான்கள் வருவதில்லை. அதற்குள் எல்லோருக்கும் அந்தப் பனிக்காலம் மறந்துவிட்டிருக்கும். பனியில் தெரிந்த ஓநாயின் கால்தடம் மட்டும் நினைவில் இருக்கும்.

ஓநாய் விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சின் 1957 வரை ஓநாய் தலைக்குப் பரிசு கொடுத்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் அங்கே ஓநாயே இல்லாமல் போயிற்று. 1970-களில் மினசோட்டாப் பக்கமிருந்து மெல்லத் திரும்பி வந்தது. 1980-இல் இருபத்தைந்து சொச்சம், இப்போது சுமார் ஆயிரம். ஓர் ஓநாய் ஆண்டுக்குப் பதினைந்திலிருந்து இருபது மான் தின்கிறது என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியென்றால் மொத்தம் ஆண்டுக்கு இருபதாயிரம் மான் வரை. வேட்டைக்காரர்கள் எல்லாப் பருவங்களிலும் சேர்த்து எடுப்பது மூன்று லட்சத்தைச் சுற்றி. மாநிலக் கணக்கில் ஓநாயின் பங்கு சிறியது. ஆனால் நான் மேலே சொன்ன அதே நியாயம் இங்கேயும் பொருந்த வேண்டும்: அந்த இருபதாயிரமும் வடக்கிலும் நடுக்காட்டிலுமே போகிறது. ஓர் ஓநாய்க் கூட்டம் உங்கள் கேபினைச் சுற்றி எல்லை வகுத்திருந்தால், அந்தக் காட்டுத்துண்டில் மான் குறையும். இருப்பவையும் நடமாட்டத்தை மாற்றிக்கொள்ளும். பெரியவர் பொய் சொல்லவில்லை.

ஓநாயைக் குறைத்தால் வடக்கு முழுவதும் மான் பெருகுமா என்றால், பெருகும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2013-14 குளிர்காலம் வடக்கில் மிகக் கடுமையாக இருந்தது, மான் சரிந்தது. அடுத்து வந்த குளிர்காலங்கள் தணிந்தன. மான் மீண்டும் ஏறியது. அதே ஆண்டுகளில் ஓநாயும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மானை இறக்கியதும் ஏற்றியதும் ஓநாயாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. பிறந்த சில வாரக் குட்டிகளைக் கருங்கரடியும் கொயோட்டியும் பாப்கேட்டும் பிடிக்கின்றன. கரடியைப் பற்றிக் கேபினில் யாரும் இவ்வளவு கோபப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். 2021 பிப்ரவரியில், கூட்டாட்சிப் பாதுகாப்பு நீங்கியிருந்த காலத்தில், ஓநாய் வேட்டைக்குத் திறந்துவிட்டார்கள். மாநிலம் விதித்த வரம்பு 119. மூன்று நாள்கூட ஆகவில்லை, 218 ஓநாய்கள் செத்தன. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்தது. அவ்வளவு அவசரமாகச் சுட்டதால் மானுக்கு நன்மை எதுவும் தெரியவில்லை. வேட்டைக்காரர்களின் பேரில் பொதுமக்களுக்கு இருந்த நம்பிக்கைதான் குறைந்தது.

குளிருக்கு அடுத்தபடியாக நான் வைப்பது காட்டின் வயதை. வெண்வால் மான் முதிர்ந்த காட்டு விலங்கு அல்ல. வெட்டுப்பட்டு மறுபடி துளிர்க்கும் இளங்காட்டில் வாழ்வது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் வடக்கு விஸ்கான்சினை மொட்டையடித்து மரம் எடுத்துவிட்டார்கள். பிறகு எழுந்த ஆஸ்பென் காடும், காகித ஆலைக்காக அதைத் திரும்பத் திரும்ப வெட்டியதும்தான் பெரியவரின் அப்பா காலத்து மான் வளத்துக்கு அடிப்படை. இப்போது காகித ஆலைகள் பல மூடிவிட்டன, மரத்துக்குக் கிராக்கி குறைந்தது. காடு வயதாகி மேப்பிள் நிழல் கவிகிறது. தரையில் மானுக்குக் கொறிக்க ஒன்றுமில்லை. பழைய படங்களில் வரிசையாகத் தொங்கும் ஆண்மான்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள், அந்தப் படத்தின் பின்னணியில் காடு எவ்வளவு இளமையாக இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இனி துறையின் எண்ணிக்கை. மானை யாரும் தலை எண்ணிப் பார்ப்பதில்லை. நீங்கள் பதிவு செய்யும் ஆண்மானிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. சுட்ட மானின் கீழ்த்தாடையைத் திறந்து, முன்கடைவாய்ப் பற்களில் மூன்றாவதைப் பார்ப்பார்கள். அது மூன்று முகடுள்ள பால்பல்லாக இருந்தால், அல்லது அது விழுந்து புதுப்பல் முளைத்துக்கொண்டிருந்தால், மானுக்கு வயது ஒன்றரை. இரண்டு முகடுள்ள நிலைப்பல் நன்கு எழும்பியிருந்தால் அதற்கு மேல். இறந்த ஆண்மான்களில் ஒன்றரை வயதினர் எத்தனை பங்கு என்பதிலிருந்து, ஆண்டுதோறும் ஆண்மான்களில் எத்தனை பங்கு சாகிறது என்று கணிப்பார்கள். அதிலிருந்து ஆண்மான் தொகை, அதிலிருந்து பெண்மான் தொகை. கோடையில் பெண்மானுடன் குட்டிகள் திரிவதைப் பார்த்து எடுத்த விகிதத்தால் பெருக்கிக் குட்டிகளையும் சேர்த்தால் மொத்தம். பெரிய பரப்புக்கு இது நல்ல முறை. ஆனால் சிறிய கொம்பு உள்ளதை விட்டுவிட்டுப் பெரியதற்காகக் காத்திருக்கும் பழக்கம் பரவினால் பல்லின் கணக்கு பிசகும். ஒரே கவுன்ட்டியில் பதிவான மான் கொஞ்சமாக இருந்தால் பிழை இன்னும் பெருகும். ஆகவே கவுன்ட்டி எண்ணைத் துல்லியம் என்று துறை முன்வைக்கும்போது வேட்டைக்காரர் சந்தேகப்படுவதில் தவறில்லை. பல வருடப் போக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு மட்டும் அதை நம்பலாம்.

அனுமதி விற்றுக் காசு பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு எனக்கு ஏற்பில்லை. இந்தியாவில் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்த நமக்கு இது புதிதாக இருக்கும்: அமெரிக்காவில் காட்டுயிர் நிர்வாகத்தின் பெரும்பணம் வேட்டைக்காரரின் உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரியிலிருந்தும் வருகிறது. மான் இல்லையென்றால் உரிமம் எடுக்க ஆள் வராது. முதலில் நொடிப்பது துறைதான்.

ஆனாலும் அவநம்பிக்கைக்கு வரலாறு இருக்கிறது. 1942-43 குளிர்காலத்தில் வடக்கு சீடார்க் காடுகளில் மான்கள் பட்டினியில் செத்தன. அதை நேரில் போய்ப் பார்த்த குழுவுக்குத் தலைவர் ஆல்டோ லியோபோல்ட், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். காடு தாங்கும் அளவுக்கு மேல் மான் பெருகிவிட்டது, பெண்மானையும் சுட வேண்டும் என்றார். 1943 நவம்பரில் நான்கு நாள் கிளைக்கொம்பு ஆண்மானுக்கும், பிறகு நான்கு நாள் கொம்பில்லாத மானுக்கும் பருவம் திறந்தார்கள். சுமார் 1,28,000 மான் விழுந்தது. வடக்கத்திக்காரர்கள் கொதித்தார்கள். ‘43-இன் குற்றம்’ என்று பெயரே வைத்தார்கள். லியோபோல்டைத் திட்டுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. அடுத்த ஆண்டு பழையபடி ஆண்மான் மட்டும் என்றாயிற்று. 1948-இல் பக்கத்து நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் லியோபோல்ட் மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டே பெண்மான் பருவம் திரும்ப வந்தது. மானைப் பற்றி அவர் சொன்னது சரி. மக்களை உடன் அழைத்துக்கொண்டு போகத்தான் அன்று முடியவில்லை. அந்தப் புண் இன்றுவரை ஆறவில்லை.

2000-இல் மாநிலத்தில் 6 லட்சத்துக்கும் மேல் மான் வேட்டையாடப்பட்டது. அதுவரை காணாத உச்சம். மான் தொகையைக் குறைக்க, முதலில் ஒரு பெண்மானைச் சுட்டால்தான் ஆண்மானைச் சுடலாம் என்ற விதியைப் பல பகுதிகளில் கொண்டுவந்தார்கள். வடக்கிலும் அனுமதிகள் தாராளமாகப் போயின. 2009 துப்பாக்கிப் பருவத்தில் வேட்டை முந்தைய ஆண்டைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. கோபம் தேர்தல் மேடைக்குப் போய், 2011-இல் அந்த விதி நீங்கியது. டெக்சாஸிலிருந்து ஜேம்ஸ் க்ரோல் என்ற மான் நிபுணரை வரவழைத்தார்கள். அவருடைய 2012 அறிக்கையின் பயனாக ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் உள்ளூர்க்காரர்கள் அடங்கிய மான் ஆலோசனைக் குழு உண்டாயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் வடக்கில் பெண்மானைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. தெற்குக்கு ஏற்ற அவசரத்தை வடக்குக்கும் வைத்தது பிழை.

தெற்கில் அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2002 பிப்ரவரியில் மாடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரப் அருகே சுட்ட மான்களில் சிடபிள்யூடி என்னும் நலிவு நோய் தெரியவந்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுவே முதல் முறை. கிருமி என்று எதுவுமில்லை. உருக்குலைந்த புரதம்தான் இந்த நோயைப் பரப்புகிறது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மருந்து இல்லை, பிழைத்த மான் இல்லை. இன்று தெற்கில் சில இடங்களில் வளர்ந்த ஆண்மான்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நோயுற்றவை. வடக்கிலும் சில கவுன்ட்டிகளில் தலைகாட்டிவிட்டது. வயோமிங்கில் நோய் முற்றிய ஒரு பகுதியில் வெண்வால் மான் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓநாயைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது வேட்டைக்காரர்கள் இந்த நோய்க்குக் கொடுத்தால் நல்லது. இருபது வருடம் கழித்து அந்தக் கேபினில் மான் இருக்குமா என்பதை இது தீர்மானிக்கக்கூடும்.

மக்காச்சோளம் கொட்டாதீர்கள். ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் நோய் எச்சில் வழியே தாவும். அதனாலேயே பல கவுன்ட்டிகளில் தீனி போடுவது சட்டப்படி தடை. நோய் இல்லாத இடத்திலும், குச்சியும் சீடாரும் செரித்துப் பழகிய வயிற்றுக்குள் பனிக்காலத்தில் திடீரென்று சோளம் போனால் அமிலம் பெருகி, வயிறு நிறைந்தபடியே மான் சாகும். செலவழிக்க மனமிருந்தால், கேபின் நிலத்தில் முதிர்ந்த ஆஸ்பெனை ஒரு பகுதி வெட்டிவிடச் சொல்லுங்கள். வேரிலிருந்து அடுத்த கோடையே துளிர்க்கும். சீடாரைத் தொடாதீர்கள்.

வசந்தத்தில் பிரைஸ் கவுன்ட்டி மான் குழு கூடும்போது பெரியவரை அழைத்துப் போங்கள். அங்கே ஓநாயைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அது அவர்கள் கையில் இல்லை. பெண்மான் அனுமதி எத்தனை என்று பரிந்துரைப்பது அவர்கள் கையில் இருக்கிறது. போன குளிர்காலம் எத்தனை புள்ளி, இளம் ஆண்மான் பங்கு எத்தனை, அதன்படி இந்த ஆண்டுப் பெண்மான் எண்ணிக்கை ஏன் இவ்வளவு என்று கேளுங்கள். வாரக்கணக்கில் பரணிலிருந்து எழுதி வைத்த குறிப்பு இருந்தால் கொடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: வடக்கில் அனுமதி கிடைத்து, முந்தைய குளிர்காலம் லேசாக இருந்து, கோடையில் குட்டியோடு பெண்மான்கள் கண்ணில் பட்டிருந்தால் சுடுங்கள். குளிர்காலம் கடுமையாக இருந்திருந்தால், கையில் சீட்டு இருந்தாலும் விட்டுவிடுங்கள். பனியில் தப்பிய ஒவ்வொரு பெண்மானும் அடுத்த ஜூனில் வடக்குக்கு வேண்டும். குழம்புக்கு இறைச்சி வேண்டுமென்றால், உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் தெற்கு வயல்களில், நிலக்காரரிடம் கேட்டுப் பெண்மான் எடுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ந்து அனுமதிப்பார்கள். தலையைக் கழுத்தோடு சேர்த்துச் சில அங்குலம் விட்டு வெட்டித் துறையின் சேகரிப்புப் பெட்டியில் கொடுத்தால் நோய்ப் பரிசோதனை இலவசம். முடிவு வரும்வரை அந்த மானின் இறைச்சியை மற்றதோடு கலக்காமல் பெயரெழுதி ஃப்ரீசரில் வையுங்கள். மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சமைக்க வேண்டாம் என்பது சுகாதாரத் துறையினரின் அறிவுரை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை மீறாதீர்கள்.